கொழும்பில் போன் இல்லாமல் இருக்க முடியுமா?

யூன் 6, 2025 (இணைய மன்றத்தில் ஒருவர் கேட்ட கேள்வி)

கொழும்பில் கைத்தொலைபேசி இல்லாமல் நிம்மதியாக வாழலாம் என்று எழுதுகிறவர்கள் ஒன்றில் டிரைவரும் செக்ரட்டரியும் வைத்திருக்கும் பணக்காரர்கள், இல்லாவிட்டால் பொய்யர்கள் என்பது என் கருத்து. வங்கிக்கு ஓடிபி வேண்டும். பிள்ளையின் வகுப்பு அறிவித்தல் வாட்ஸ்அப்பில் வருகிறது. டொக்டரைச் சனல் பண்ண (சந்திக்க நம்பர் பதிய), ஓட்டோ பிடிக்க, கரண்ட் பில் பார்க்க, எல்லாவற்றுக்கும் அந்தச் சாமான்தான். உண்மையில் விட்டுப் பார்த்தவர் யாராவது இருக்கிறீர்களா? தத்துவம் வேண்டாம். எப்படிச் சமாளிக்கிறீர்கள் என்று மட்டும் சொல்லுங்கள்.

யூன் 6, இரவு (பதில்)

இருக்கிறேன். டிரைவர் இல்லை. செக்ரட்டரி என்றால் மனிசியைத்தான் சொல்ல வேண்டும், அதுவும் அவள் காதில் விழாமல்.

வெள்ளவத்தையில் தொடர்மாடி வீடு. புறக்கோட்டையில் ஒரு துணி மொத்தக் கடையில் கணக்கு எழுதும் வேலை. கொள்கை கிள்கை ஒன்றும் கிடையாது. போன வருடக் கடைசியில் போன் மாடிப்படியில் விழுந்து திரை நொறுங்கியது. முதலாம் குறுக்குத் தெருவில் கொண்டுபோய்க் காட்டினேன். பெடியன் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு ஒரு விலை சொன்னான். மகளின் ஒரு மாத டியூஷன் காசு அது. சம்பளம் வரட்டும் என்று லாச்சிக்குள் போட்டேன். சம்பளம் வந்தது, போகவில்லை. அடுத்த சம்பளமும் வந்தது. அப்போதுதான் எனக்கே விளங்கியது, வேண்டுமென்றே தள்ளிப்போடுகிறேன் என்று.

யூன் 7, காலை

"போன் இல்லாத ஆள் இங்கே எப்படி எழுதுகிறார்?" என்று கன பேர் சிரித்திருக்கிறீர்கள். கணினியில்தான். கடையில் கணக்குப் பார்க்கிற பழைய கணினி ஒன்று, வீட்டில் மகளின் மடிக்கணினி. இன்டர்நெட்டை நான் விடவில்லை, அதைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு திரிவதைத்தான் விட்டேன். கணினிக்கு முன்னால் கன நேரம் குந்தியிருந்தால் முதுகு நோகும், எழும்பிவிடுவேன். கட்டிலில் படுத்தபடி அதைத் தடவிக்கொண்டிருக்க முடியாது. எனக்கு அந்த வித்தியாசம் போதும்.

யூன் 7, பின்னேரம்

கேட்டவர் தத்துவம் வேண்டாம் என்றார். சரி, சமாளிப்பு.

வங்கி: ஓடிபி கேட்கிற எதையும் வெளியில் நின்று செய்வதில்லை. பாஸ்புத்தகம் இருக்கிறது, ஏடிஎம் கார்ட் இருக்கிறது. கிளைக்குப் போனால் வரிசை. கையில் பத்திரிகை இருந்தால் வரிசை பெரிய பாடில்லை.

டொக்டர்: பக்கத்து மருந்துக் கடையிலேயே சனல் பண்ணித் தருவார்கள். நம்பர் எழுதின துண்டையும் தருவார்கள். துண்டைத் தொலைக்காமல் இருப்பது உங்கள் பொறுப்பு.

ஓட்டோ: கை காட்டினால் நிற்கும். அப்பில் காட்டும் காசைவிடக் கூடத்தான் கேட்பார்கள். அதனால் நான் பஸ். காலி வீதியில் 100, 101, 155 என்று ஒன்றின் பின் ஒன்றாக வருகிற இடத்தில் இருந்துகொண்டு ஓட்டோவைப் பற்றி அழக் கூடாது.

2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் பங்கீட்டுக்கு வந்த கியூஆர் கோட்டைப் பற்றி ஒருவர் கேட்டிருக்கிறார். அப்போது என்னிடம் போன் இருந்தது. ஆனாலும் எங்கள் கடை லொறி டிரைவர் கோட்டைத் தாளில் அச்சடித்து, லாமினேட் பண்ணி, கண்ணாடிக்குக் கீழே செருகி வைத்திருந்தார். சீட்டில் கிடக்கிற போனைத் தேடி எடுப்பதற்குள் பின்னால் நிற்பவன் ஹோர்ன் அடிப்பான் என்பார்.

மகளின் வகுப்பு, கரண்ட் பில்: இரண்டும் மனிசியின் போனுக்கு.

சிம்: ஒரு பழைய பட்டன் போனுக்குள் போட்டு அலுமாரிக்கு மேலே வைத்திருக்கிறேன். இடைக்கிடை ரீலோட் போடாவிட்டால் நம்பர் போய்விடும். வீட்டுக்கு வந்து பார்ப்பேன், யாராவது எடுத்திருந்தால் திருப்பி எடுப்பேன். வாசலைத் தாண்டி அது வருவதில்லை.

யூன் 9

தெஹிவளைக்காரர் பிடித்துவிட்டார். "அப்ப நீங்கள் போனை விடேல்லை அண்ணை, வீட்டில கட்டி வச்சிருக்கிறியள்."

ஓம், கட்டித்தான் வைத்திருக்கிறேன். கட்டின மாடும் மாடுதான். ஆனால் அது உங்களோடு பஸ்ஸில் ஏறி வராது.

யூன் 9, சற்றுப் பிறகு

மற்றவர் சொன்ன லேண்ட்லைன் விஷயம். "கரண்ட் போனாலும் வீட்டுப் போன் வேலை செய்யும்" என்பது பழைய செப்புக் கம்பி லைனுக்கு உண்மை. அதற்கு வேண்டிய மின்சாரம் தொலைபேசி நிலையத்திலிருந்து அதே கம்பியில் வரும். ஃபைபருக்கு மாறினவர்களுக்கு அந்த வசதி இல்லை. வீட்டுப் பெட்டிக்குக் கரண்ட் இல்லை என்றால் போனும் இல்லை. இந்த வருடம் பெப்ரவரி 9, பாணந்துறை உப மின்நிலையத்தில் குரங்கு ஒன்று புகுந்து முழு நாட்டையும் இருட்டாக்கிய ஞாயிற்றுக்கிழமை, எங்கள் மாடியில் ஃபைபர் வீடுகளின் போன்கள் எல்லாம் செத்துக் கிடந்தன. பக்கத்து வீட்டுப் பெரியவர் ரிசீவரைத் தூக்கிக் காதில் வைப்பதும் வைப்பதுமாக நின்றார். குரங்கு என்று பிறகு கேள்விப்பட்டபோது அவர் நம்பவில்லை. இப்போதும் நம்பவில்லை.

யூன் 15

"சமாளிப்பு போதும், சந்தோஷம் ஏதும் உண்டா?" இந்தக் கேள்விக்குத்தான் காத்திருந்தேன்.

முதலில் பாண் வண்டி. கொழும்புக்காரருக்கு விளக்கத் தேவையில்லை. வெளியூரில் இருப்பவர்களுக்காக: ஓட்டோவின் பின்பக்கம் கண்ணாடிப் பெட்டி, உள்ளே பாண், பனிஸ், மீன் வைத்த மாலு பாண், முதலை வடிவக் கிம்புலா பனிஸ். தலைக்கு மேலே சின்ன ஸ்பீக்கர். அதில் பீத்தோவனின் 'ஃபூர் எலீஸ்'. அந்த மனிதர் 1810-இல் எழுதியது, அவர் போய்ச் சேர்ந்து நாற்பது வருடம் கழித்து 1867-இல் அச்சேறியது, இன்றைக்கு எங்கள் லேனில் கிம்புலா பனிஸ் விற்கிறது.

போன் இருந்த காலத்தில் அந்த மெட்டு எனக்கு ஒரு சத்தம், அவ்வளவுதான். மனிசி குசினியிலிருந்து "பாண்காரன் போறான்" என்று கத்துவாள், நான் திரையைப் பார்த்துக்கொண்டே "ம்" என்பேன், பாண்காரன் போய்விடுவான். இப்போது நான்தான் கீழே இறங்குகிறேன். வண்டி எங்கள் வாசலுக்கு வருவதற்கு முன் இரண்டு இடத்தில் நிற்கும். மெட்டு ஒவ்வொரு முறையும் நடுவில் அறும், திரும்ப முதலிலிருந்து தொடங்கும். கடைசிவரை அது போய் நான் கேட்டதில்லை. அவர் பெட்டியின் கதவைத் தூக்கியதும் சூடும் ஈஸ்ட் வாசமும் முகத்தில் அடிக்கும். கிம்புலா பனிஸை இடுக்கியால் எடுத்தால் மேலே ஒட்டியிருக்கும் சீனி பொலபொலவென்று உதிரும். உதிர்ந்த சீனியைப் பெட்டியின் மூலையில் ஒதுக்கி வைத்திருப்பார். அது எறும்புக்கா, வேறு எதற்கா என்று கேட்க வேண்டும் என்று ஒவ்வொரு நாளும் நினைப்பேன்.

அந்த ஐந்து நிமிடத்தில் வாசலில் ஒரு சபை கூடும். காவலாளி ஐயா, மூன்றாம் மாடி முஸ்லிம் குடும்பத்துப் பெரியம்மா, எதிர் வீட்டுச் சிங்கள அங்கிள். தமிழும் சிங்களமும் அரை அரையாக. தண்ணீர் மோட்டர் ஏன் இரவில் இரைகிறது, மேலே யார் புதிதாகக் குடிவந்திருக்கிறார்கள், இறாத்தல் பாணின் நிறை 450 கிராம் இருக்கிறதா இல்லையா. நிறை பற்றிய வழக்கு இன்னும் தீரவில்லை. இவ்வளவு காலம் இந்த லேனில் இருந்தும் அந்த அங்கிள் முன்பு ரயில்வேயில் வேலை செய்தவர் என்பது இப்போதுதான் தெரியும்.

அப்புறம் ரயில். வெள்ளவத்தையிலிருந்து கோட்டை நிலையத்துக்குப் போகும்போது இடப்பக்கம் கடல். கொள்ளுப்பிட்டி தாண்டும்வரை தண்டவாளத்துக்கும் தண்ணீருக்கும் இடையில் கல்லணை மட்டும்தான். இப்போது தென்மேல் பருவக் காற்று, அலை கல்லில் மோதினால் தூவானம் பெட்டிக்குள் வரும். மிதிபலகையில் நிற்பவர்கள் திரும்பி முதுகைக் கொடுப்பார்கள். அதைப் பார்த்துத்தான் அடுத்த அலை எவ்வளவு பெரியது என்று நான் கணக்குப் போடுவேன். கொள்ளுப்பிட்டிக்குப் பிறகு ரயில் உள்ளே திரும்பி, கொம்பனித்தெருப் பக்கம் பேரை வாவி தெரியும். உப்புக் காற்று நின்று வாவியின் நாற்றம் தொடங்கும். அதையும் சேர்த்துத்தான் சொல்கிறேன், சுற்றுலா விளம்பரம் எழுத வரவில்லை.

நேரம் மிச்சமாகிறதா என்றால், இல்லை. முன்பு வீணாக்கின அளவு இப்போதும் வீணாக்குகிறேன். ஜன்னலோரத்தில் வைத்து வீணாக்குகிறேன், அதுதான்.

யூன் 16

தாய்வானில் படிக்கும் தம்பி எழுதியிருக்கிறார், அங்கே அதே மெட்டைப் போட்டுக்கொண்டு வருவது குப்பை லொறியாம். விடுமுறைக்கு வந்த முதல் நாள் காலையில் குப்பைப் பையோடு கீழே ஓடினாராம். பாண்காரரின் முகம் எப்படி இருந்தது என்று எழுதாமல் விட்டுவிட்டீர்களே தம்பி.

யூன் 29

இரண்டு விஷயம்.

ஒருவர் 1995-இல்தான் இலங்கைக்கு செல்போன் வந்தது என்கிறார். 1995 டயலொக் கம்பனி ஜிஎஸ்எம் என்ற டிஜிட்டல் செல்போனைக் கொண்டுவந்த வருடம். அதற்கு முன் 1989-இலேயே செல்டெல் தொடங்கிவிட்டது. தெற்காசியாவிலேயே முதல் செல்போன் சேவை அது. ஆனால் அதை வைத்திருந்தவர்களுக்கு உண்மையிலேயே டிரைவரும் செக்ரட்டரியும் இருந்தார்கள்.

மற்றது, "அந்தக் காலம் எவ்வளவு நல்லது" என்று இழையைக் கொண்டுபோகிறீர்கள். அதில் எனக்குச் சம்மதமில்லை.

தொண்ணூறுகளின் நடுவில் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் இருந்தேன். கீழே ஒரு கொமினிகேஷன். இளையவர்களுக்கு: காசு கொடுத்துப் போன் பேசும் கடை. போட்டோக்கொப்பியும் அடிப்பார்கள். உள்ளே கண்ணாடிக் கதவு போட்ட ஒரு கூடு, ஃபேன் இல்லை. சுவரில் சிவப்பு எழுத்தில் காசு ஓடும் மீட்டர். வெளியே எடுத்தால்தான் காசு என்று இல்லை, வந்த கோலுக்கும் நிமிடக் கணக்கில் வாங்குவார்கள். அண்ணர் லண்டனிலிருந்து ஞாயிற்றுக்கிழமைகளில் எடுப்பார். எடுத்ததும் கடைப் பெடியன் படியில் நின்று அறை நம்பரைச் சொல்லி "லண்டன்!" என்று கத்துவான். சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு ஓட வேண்டும். வரிசையில் பாரிஸ், ரொறொன்ரோ, சுவிஸ் எல்லாம் வெளியே காத்திருக்கும். கூட்டுக்குள் கத்திப் பேசினால்தான் அங்கே கேட்கும் என்பதால் எல்லாருடைய விசாவும் கலியாணமும் எல்லாருக்கும் தெரியும்.

இதுவரைக்கும் இனிப்பாகத்தான் இருக்கிறது. ஆனால் ஐயா போய்விட்டார் என்ற செய்தியும் எனக்கு அந்தக் கூட்டுக்குள்தான் வந்தது. ஊரிலிருந்து நேரே வர வழியில்லை. லண்டனுக்குப் போய், அங்கிருந்து கொட்டாஞ்சேனைக்கு வந்தது. சடங்கெல்லாம் முடிந்த பிறகு. கண்ணாடிக்கு வெளியே அடுத்த ஆள் கையில் காசோடு நிற்கிறார். அழக்கூட இடமில்லை. இப்போது அக்கா கனடாவிலிருந்து மனிசியின் போனில் முகம் பார்த்துப் பேசுகிறாள், பேரன் பல் முளைத்ததைக் காட்டுகிறாள். இதை விட்டுவிட்டு அதற்குத் திரும்பிப் போ என்றால் நான் போகமாட்டேன்.

அதனால் போனை ஏசி எழுதுகிறவர்கள் என்னைத் துணைக்கு அழைக்க வேண்டாம்.

யூலை 3

மணிக்கூடு கேட்டவருக்கு: ஓம், கையில் கட்டுகிறேன். 1996-இல் வாங்கியது. அந்த வருடம் மே மாதம் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க அரசாங்கம் நாட்டின் நேரத்தை ஒரு மணித்தியாலம் முன்னுக்குத் தள்ளியது. ஒக்டோபரில் அரை மணி பின்னுக்கு எடுத்தது. மீதி அரை மணியை 2006 ஏப்ரலில்தான் திருப்பிக் கொடுத்தார்கள். இடையில் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த வன்னியில் பழைய நேரம், கொழும்பில் புது நேரம். ஊரிலிருந்து வருகிறவரிடம் மணி கேட்டால் "எந்த நேரம்?" என்று திருப்பிக் கேட்பார். இத்தனை கூத்தையும் இந்த மணிக்கூட்டில் கையால்தான் திருகினேன். இப்போது நாளுக்கு ஒரு நிமிடம் பிந்துகிறது. காலையில் வானொலிச் செய்திக்குச் சரிசெய்வேன்.

யூலை 20

கடிதம் எழுதிப் பார்க்கச் சொன்ன அக்காவுக்கு: எழுதினேன். மட்டக்களப்பில் இருக்கும் பழைய சிநேகிதனுக்கு. முத்திரை 50 ரூபா. 2022 ஓகஸ்டில் 15 ரூபாவிலிருந்து ஒரே தாவலில் ஏற்றினதுக்குப் பிறகு கடிதம் போடுவது ஒரு ஆடம்பரம் மாதிரித்தான். ஆனாலும் ஒரு பிளேன்டீ காசுதானே என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

பேனா பிடிக்கும் விரல் இரண்டாம் பக்கத்திலேயே நொந்துவிட்டது. கணக்குக் கொப்பியில் எண் எழுதிப் பழகின கை, வசனம் எழுதினால் தடுமாறுகிறது. எழுதியதை அழிக்க முடியாது என்பதால் ஒவ்வொரு வரிக்கும் முன் கொஞ்சம் கூரையைப் பார்த்தேன். எங்கள் பள்ளிக்கூட விடுதியில் தேங்காய்ச் சம்பல் களவெடுத்த கதையை எழுதும்போது தனியே இருந்து சத்தமாகச் சிரித்தேன். மனிசி எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

பதில் வந்தது. அவளுடைய வாட்ஸ்அப்புக்கு. என் கடிதத்தின் படமும், கீழே ஒரு கும்பிடும், "கையெழுத்து இன்னும் திருந்தேல்லை" என்ற ஒரு வரியும்.

ஓகஸ்ட் 2

இன்று நடந்தது.

ராமகிருஷ்ணா வீதிப் பக்கம் பஸ்ஸுக்கு நின்றேன். பக்கத்தில் நின்ற வயதான ஒருவர் அப்படியே சரிந்து விழுந்தார். நெற்றி சீமெந்தில் அடிபட்டு இரத்தம். என் கை தானாகச் சட்டைப் பைக்குப் போனது. பையில் ரயில் ரிக்கெற் மட்டும். பக்கத்தில் நின்ற பெடியனிடம் "தம்பி, 1990க்கு அடியுங்கோ" என்றேன். உடனே அடித்தான். நல்ல பிள்ளை. சிங்களத்திலேயே தெளிவாக எல்லாம் சொன்னான், எந்த இடம் என்று கேட்டபோதுதான் தடுமாறினான், அவன் இந்தப் பக்கம் இல்லை. இடத்தை நான் சொல்லிக் கொடுத்தேன். அம்புலன்ஸ் வந்தது. 2016-இல் தொடங்கின சேவை, காசில்லை, இதில் குறை சொல்ல எனக்கு ஒன்றுமே இல்லை. வண்டியில் வந்தவர் பெரியவரை எழுப்பி உட்கார வைத்துப் பெயர் கேட்டார், அவர் பெயரோடு வீட்டு இலக்கத்தையும் சேர்த்துச் சொன்னார். எல்லாருக்கும் மூச்சு வந்தது.

வீட்டுக்கு வந்து யோசித்தேன். நாலு பேர் நின்ற இடம் என்பதால் சரி. நானும் அவரும் மட்டும் நின்றிருந்தால்? பழைய காலத்தில் ஓடிப்போய் ஒரு கடையில் போன் கேட்கலாம். இப்போது கடைகளிலும் மேசைப் போன் குறைவு. அவரவர் பையில் இருக்கிறது என்பதால் பொதுவில் இருந்தது எல்லாம் கழன்றுவிட்டது. கார்ட் போட்டுப் பேசும் பெட்டிகள் ரோட்டோரம் நின்றன, நினைவிருக்கிறதா? அவற்றை எடுத்துவிட்டுப் போனவர்கள் என்னைப் போல ஒருவன் மிஞ்சுவான் என்று நினைத்திருக்க மாட்டார்கள்.

ஓகஸ்ட் 3

மனிசி இழையை முழுதாக வாசித்துவிட்டாள். மகள் காட்டிக் கொடுத்தது. நேற்றைய குறிப்பை வாசித்துவிட்டு அவள் சொன்னதை அப்படியே போடுகிறேன், போடச் சொல்லித்தான் சொன்னாள்:

"போனை விட்டது நீங்கள். சுமக்கிறது நான்."

பிறகு அவள் தன் போனைத் திறந்து எனக்கு வந்தவற்றைக் காட்டினாள். என் மச்சானின் மகள் கலியாண அழைப்பு. என் சங்கத்துக் கூட்டம் தள்ளிப்போன அறிவித்தல். என் பல் டொக்டரின் நினைவூட்டல். என் முதலாளி, ஞாயிற்றுக்கிழமை இரவு, "ஐயாவிட்ட கேட்டுச் சொல்லுங்கோ தங்கச்சி, பழைய இன்வொய்ஸ் ஃபைல் எங்க?" இவள் பள்ளிக்கூட டீச்சர். வகுப்புக் கொப்பி திருத்துகிற நேரத்தில் என் இன்வொய்ஸைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

நான் ரயிலில் கடலைப் பார்த்துக்கொண்டு வந்த நேரமெல்லாம் இந்தக் கணக்கில்தான் ஏறியிருக்கிறது. முதல் நாள் நான் விட்ட செக்ரட்டரி பகிடி எனக்கு இப்போது அவ்வளவு பகிடியாக இல்லை.

ஓகஸ்ட் 10

தீர்மானம் ஆயிற்று. முதலாளியிடமும் சொந்தக்காரரிடமும் சொல்லிவிட்டேன்: பட்டன் போனுக்கு இரவு ஏழு தொடக்கம் ஒன்பது வரை எடுங்கள், நான் பக்கத்தில் இருப்பேன். மனிசியின் போனுக்கு எனக்கென்று ஒன்றும் அனுப்ப வேண்டாம். கரண்ட் பில், தண்ணீர் பில் நேரே போய்க் கட்டுவது இனி என் வேலை. மகளின் வகுப்பு அறிவித்தலை அவளே மேசையில் எழுதி வைக்கிறாள், "அப்பா, சனிக்கிழமை கெமிஸ்ட்ரி 2.30" என்று.

முதலாளி ஒன்பதரைக்கு எடுக்கிறார். பார்ப்போம்.

செப்டெம்பர் 8

நேற்றிரவு சந்திரகிரகணம் பார்த்தீர்களா? போயா (பௌர்ணமி) நாள், ஞாயிற்றுக்கிழமை. மொட்டைமாடிக்கு முழுத் தொடர்மாடியும் ஏறியிருந்தது. முஸ்லிம் பெரியம்மா தொழுதுவிட்டு வந்தார், சிலர் கிரகணத்துக்கு முன்பே சாப்பாட்டை முடித்துவிட்டு வந்திருந்தார்கள். பதினொரு மணியளவில் முழுதாக மறைந்து செம்பு நிறமாக நின்றது. முகில் வருவதும் போவதுமாக. முகில் வந்தால் எல்லாரும் "ஆ", விலகினால் எல்லாரும் போனைத் தூக்குவார்கள். படத்தில் சின்ன வெள்ளைப் புள்ளிதான் விழுந்தது. மூன்றாம் மாடிப் பெடியன் எனக்கும் ஒரு படம் எடுத்துத் தருகிறேன் என்றான், எதில் அனுப்புவது என்று கேட்டான், இரண்டு பேரும் சிரித்தோம்.

ரயில்வே அங்கிள் வீட்டிலிருந்து பைனாகுலர் கொண்டுவந்திருந்தார். முறை வைத்துப் பார்த்தோம். அதில் பார்த்தால் தட்டையாக இல்லை, உருண்டு தொங்குவது தெரிகிறது. என் முறை முடிந்தும் நான் கொடுக்கவில்லை என்று மகள் முறைப்பாடு.

செப்டெம்பர் 21

காத்திருப்பதைப் பற்றி ஒருவர் கேட்டிருந்தார்: "சொன்ன நேரத்துக்கு ஆள் வராவிட்டால் என்ன செய்வீர்கள்?"

காத்திருப்பேன். நேற்று காலிமுகத்திடலில் சிநேகிதன் ஒருவன் ஐந்துக்கு வருகிறேன் என்றான். வந்தபோது ஆறரை. போன் இருந்தால் "எங்க நிக்கிறாய்?" என்று பத்துத் தரம் கேட்டிருப்பேன், அவனும் "கிட்ட வந்திட்டன்" என்று பத்துத் தரம் பொய் சொல்லியிருப்பான்.

சும்மா நடந்தேன். நடைபாதைக் கல்வெட்டை அப்போதுதான் நின்று வாசித்தேன். இந்த நடைபாதையை ஆளுநர் சேர் ஹென்றி வார்ட் 1856-இல் தொடங்கி 1859-இல் முடித்தாராம், கொழும்பின் பெண்களுக்கும் பிள்ளைகளுக்குமாக இதைப் பேணும்படி பின்னால் வருகிறவர்களைக் கேட்டுக்கொள்கிறாராம். பிள்ளைகள் பட்டம் விட்டுக்கொண்டிருந்தார்கள். பெண்கள் குடைக்குள் இருந்தார்கள், ஒவ்வொரு குடைக்குள்ளும் ஒரு ஆணும். வார்ட் துரை இதை எதிர்பார்த்தாரோ தெரியாது.

இஸ்ஸோ வடை வாங்கினேன். இறால் வாலைப் பிடித்துக்கொண்டு முதலில் ஓரத்தைக் கடிக்க வேண்டும், வெங்காயச் சம்பல் கீழே விழாமல். ஒரு கையில் போனோடு இதைச் சரியாகச் சாப்பிட முடியாது. முன்பு சாப்பிட்டிருக்கிறேன், சட்டைக்குத் தெரியும்.

அதே புல்லில் நின்று இன்னொன்றும் நினைத்தேன். 2022 ஏப்ரலில் அரசாங்கத்துக்கு எதிரான போராட்டத்துக்கு இந்த இடம் நிறைந்தது போன்களால்தான். அந்த மாதம் 3ஆம் திகதி சமூக ஊடகங்களை முடக்கிப் பார்த்தார்கள், ஒரு நாள்கூடத் தாக்குப்பிடிக்கவில்லை. 9ஆம் திகதி சனம் வந்து குந்திவிட்டது. அந்தக் கூட்டத்தில் நானும் இருந்தேன், கையில் போனோடு. எல்லாரும் என்னைப் போல இருந்திருந்தால் யார் யாருக்குச் சொல்லியிருப்பது? இதற்கு என்னிடம் பதில் இல்லை, இழையில் யாருக்காவது இருந்தால் எழுதுங்கள்.

சிநேகிதன் வந்ததும் மன்னிப்புக் கேட்கத் தொடங்கினான். நான் இரண்டாவது வடையில் இருந்தேன்.

ஒக்டோபர் 4

கேள்வியைத் தொடங்கினவர் திரும்பி வந்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமைகளில் மட்டும் போனை வீட்டில் வைத்துவிட்டு வெளியே போய்ப் பார்க்கிறாராம். பொய்யர் பட்டத்தை வாபஸ் வாங்கியதற்கு நன்றி. "தொடர்ந்து செய்ய மனமில்லை, வேலை அப்படி" என்கிறார். செய்ய வேண்டாம். ஞாயிற்றுக்கிழமை போதும். உங்கள் வீட்டில் போன் சுமக்கிறவரிடம் மட்டும் முதலில் கேளுங்கள்.

ஒக்டோபர் 5

அலாரம் மணிக்கூடு எங்கே வாங்கலாம் என்று அவரே கேட்டிருக்கிறார். புறக்கோட்டை, கெய்சர் வீதி நடைபாதை. பச்சை வெளிச்சம் எரிந்து பாட்டுப் பாடுகிறது வேண்டாம், நாலு மாதத்தில் பாட்டு நிற்காமல் போகும் அல்லது வராமல் போகும். தலையில் இரண்டு மணி வைத்தது வாங்குங்கள். காதில் வைத்து டிக் டிக் சத்தத்தைக் கேளுங்கள், படுக்கையறையில் அது உங்களுக்குத் தாங்குமா என்று. எங்கள் வீட்டில் தாங்கவில்லை, குசினியில் வைத்திருக்கிறோம், அடித்தால் எழும்பிப் போய் நிறுத்த வேண்டியிருக்கிறது. முதலில் சொல்லும் விலைக்கு வாங்காதீர்கள். பட்டரி தனியாக வாங்க வேண்டும். பின்னேரம் மழை பிடிக்கிற காலம் இது, மதியத்துக்கு முன் போங்கள், மழை தூறினால் நடைபாதைக்காரர்கள் பிளாஸ்டிக்கை இழுத்து மூடிவிடுவார்கள்.